நமீபியா 9 நாள், அப்பா அம்மாவோட, நாமளே வண்டி ஓட்டி... முடியுமா?

பல்லாவரம் பாலா | 11 பிப்ரவரி 2024, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். ஜூலைல நமீபியா போலாம்னு இருக்கோம், நான், என் வொய்ஃப், அப்பா, அம்மா. அப்பாவுக்கு 64, அரசு பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். நான் சிங்கம் யானைன்னு வீடியோ காட்டினா அவர் "அதெல்லாம் இருக்கட்டும்டா, ரோடு எப்டி"ன்னு அதைத்தான் மொதல்ல கேட்டார். அம்மா சுத்த சைவம், முட்டை கூட கிடையாது.

கைல இருக்கிறது 9 நாள். என் பிளான்: தலைநகர் விண்ட்ஹூக்ல இறங்கி தெக்கால ஃபிஷ் ரிவர் கேன்யன், அங்கேர்ந்து லூடரிட்ஸ் பக்கத்துல மணல் மூடின பழைய ஊர் கோல்மன்ஸ்கோப், அப்புறம் சொசுஸ்ஃப்லே மணல் மேடு, ஸ்வாகோப்முண்ட் கடற்கரை, எட்டோஷா வனவிலங்கு காப்பகம், அப்டியே வடகிழக்கா போய் விக்டோரியா ஃபால்ஸ் பாத்துட்டு திரும்பறது. கூகுள் மேப்ல போட்டா வருது. போனவங்க யாராச்சும் சொல்லுங்க, ஓகேவா?

கிராவல் கணேசன் | 11 பிப்ரவரி 2024, இரவு 11:25

தம்பி, கூகுள் மேப்ல சந்திரனுக்கு கூட வழி வரும். நான் மூணு தடவ போயிட்டு வந்தவன், அதனால உரிமையோட சொல்றேன், இது டூர் பிளான் இல்ல, லாரி டிரைவருக்கு போட்ட டூட்டி.

அந்த நாடு 8,25,000 சதுர கிலோமீட்டர், நம்ம தமிழ்நாடு மாதிரி ஆறு. ஜனம் மொத்தமே 30 லட்சம் சொச்சம், சென்னை ஜனத்தொகையை விட கம்மி. சதுர கிலோமீட்டருக்கு நாலு பேர் கூட தேறாது, உலகத்துலயே மங்கோலியாவுக்கு அடுத்தபடி ஆள் இல்லாத நாடு இதான்னு சொல்வாங்க. விண்ட்ஹூக்லேர்ந்து வடகிழக்கு மூலையில இருக்கிற கட்டிமா முலிலோ மட்டும் 1200 கிலோமீட்டருக்கு மேல, விக்டோரியா ஃபால்ஸ் அதுக்கும் அந்தாண்ட. தெக்க கேன்யனுக்கு 600க்கு மேல. ரெண்டும் எதிரெதிர் திசை. மெயின் ரோடு தவிர எல்லாம் கப்பி ரோடு, மணிக்கு 80 தாண்டக்கூடாது, தாண்டினா வண்டி சோப்பு மேல நிக்கிற மாதிரி வழுக்கும்.

கேன்யன், லூடரிட்ஸ், ஃபால்ஸ் மூணையும் அடிங்க. சொசுஸ்ஃப்லே, ஸ்வாகோப்முண்ட், எட்டோஷா இது மூணு போதும். இதுவே 2000 கிலோமீட்டருக்கு மேல ஆயிடும்.

சும்மா ஒருத்தன் | 12 பிப்ரவரி 2024, காலை 7:02

பாலைவனம் பாக்க ஆப்பிரிக்கா எதுக்கு, ஜெய்சால்மர் போங்க, ஒட்டகமும் உண்டு தாலும் உண்டு, அம்மாவும் பட்டினி கிடக்க வேணாம்.

ஜோபர்க் ரமணி | 12 பிப்ரவரி 2024, மதியம் 1:15

நான் ஜோஹன்னஸ்பர்க்ல 12 வருஷமா இருக்கேன், நமீபியா எங்களுக்கு பக்கத்து வீடு மாதிரி. சும்மா ஒருத்தன் சார், ஜெய்சால்மர் நல்ல ஊர்தான், ஆனா தார் பாலைவனத்துல கிராமத்துக்கு கிராமம் டீக்கடை இருக்கும். இங்க 150 கிலோமீட்டர் போனா ஒரு பெட்ரோல் பங்க் வரும், அதுல பெட்ரோல் இருந்தா அதிர்ஷ்டம். பங்க் கண்ல பட்டா டேங்க் பாதி இருந்தாலும் நிரப்பிக்கணும்.

பாலா, உங்க அம்மா சாப்பாட்டுக்கு கவலையே படாதீங்க. ஹோட்டல்னா கஷ்டம்தான், நாடே மாட்டிறைச்சி, ஓரிக்ஸ் மான் இறைச்சின்னு வாழற நாடு, சைவம்னா உருளைக்கிழங்கு வறுத்துட்டு பரிதாபமா பாப்பாங்க. ஆனா சமையல் வசதியோட ரூம் எடுங்க, இல்ல கேம்பிங் வண்டி எடுங்க, அடுப்பு பாத்திரம் எல்லாம் வண்டியோடயே தருவாங்க. விண்ட்ஹூக் சூப்பர்மார்க்கெட்ல அரிசி, பருப்பு, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும், ஊர் தாண்டினா கிடைக்காது. அங்க மஹாங்குன்னு ஒரு மாவு விக்கும், வாங்கிக்கோங்க. ஏன்னு நான் சொல்ல மாட்டேன், அம்மாவே பாத்து சொல்லட்டும் :)

ஃப்ளைட் மும்பைலேர்ந்து ஆடிஸ் அபாபா வழியா போறது சுலபம். எத்தியோப்பியா வழியாங்கறதால மஞ்சக் காய்ச்சல் ஊசி போட்டுக்கிட்டு கார்டு கைல வச்சுக்கோங்க, ஏர்போர்ட்ல வாக்குவாதம் மிச்சம். சென்னைனா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் கார்டு செல்லும், கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. விசா விஷயம் அடிக்கடி மாறும், டெல்லில அவங்க ஹை கமிஷன் இருக்கு, அவங்க சொல்றதை மட்டும் நம்புங்க, இங்க நாங்க சொல்றதை நம்பாதீங்க.

பல்லாவரம் பாலா | 12 பிப்ரவரி 2024, இரவு 9:48

நன்றி ரமணி மேடம், கணேசன் சார். மனசே இல்லாம மூணையும் அடிச்சுட்டேன். அப்பாதான் வண்டி ஓட்டுவேன்னு ஒத்த கால்ல நிக்கிறார். அவர் கேள்விய அப்படியே டைப் பண்றேன்: "கப்பி ரோட்ல காத்து எவ்ளோ வைக்கணும், ஸ்டெப்னி எத்தனை, ராத்திரில லைட் எப்டி?"

கிராவல் கணேசன் | 12 பிப்ரவரி 2024, இரவு 10:30

ஆஹா, இப்பதான் ஒரு ஆள் ஒழுங்கான கேள்வி கேக்கறார். அப்பாவுக்கு என் வணக்கம்.

காத்து: தார் ரோட்ல கம்பெனி சொன்ன அளவு, கப்பில 2 பாருக்கு கீழ கொஞ்சம் இறக்குங்க, நம்ம கணக்குல 27, 28 காத்து. சொசுஸ்ஃப்லே கடைசி 5 கிலோமீட்டர் மணல்ல 17, 18க்கு இறக்கணும், திரும்பி வந்ததும் ஏத்தணும், மறந்துட்டு அப்படியே கப்பி ரோட்ல ஓட்டினா டயர் சைடு கிழிஞ்சுடும். ஸ்டெப்னி ரெண்டு கேட்டு வாங்குங்க, ஒண்ணு பத்தாது. ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் வேலை செய்யுதான்னு ஏர்போர்ட்லயே கழட்டி மாட்டி பாருங்க.

ராத்திரி ஓட்டவே கூடாது. லைட் பிரச்சனை இல்ல, கூடு பிரச்சனை. கூடுன்னா பெரிய மான், கொம்பு முறுக்கிக்கிட்டு எருமை கணக்கா நிக்கும், லைட்ட பாத்தா ஓடாம வண்டி மேலயே தாவும். பல வண்டி இன்சூரன்ஸ்ல இருட்டின பிறகு நடந்த விபத்துக்கு காசு கிடையாதுன்னே எழுதியிருக்கும், எதிர்ல வண்டியே இல்லாம தானா கவிழ்ந்தாலும் கிடையாது. அந்த பேப்பர பொறுமையா படிங்க. சாயங்காலம் 5க்கு எங்க இருந்தாலும் நிறுத்துங்க.

நம்ம மாதிரியே இடது பக்கம்தான் ஓட்டறது, ஸ்டியரிங்கும் வலதுலதான். ஆர்டிஓ ஆபீஸ்ல இன்டர்நேஷனல் பர்மிட் எடுத்துக்கோங்க. இன்னொண்ணு, கப்பி ரோடு சில எடத்துல தகரக் கூரை மாதிரி வரி வரியா இருக்கும், பல்லு ஆடும். அப்பாக்கு பழக்கம் இருக்கும்னு நினைக்கிறேன் :)

கழுகுக்கண் | 13 பிப்ரவரி 2024, காலை 6:20

எட்டோஷாக்கு எத்தனை ராத்திரி போட்டிருக்கீங்க? ரெண்டுன்னா இன்னொண்ணு சேருங்க. அது 1907லயே ஜெர்மன்காரன் காலத்துல அறிவிச்ச காப்பகம், 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல, நடுவுல 130 கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் உப்புத்தரை, வெள்ளை வெளேர்னு. ஜூலைல மழை கிடையாது, காட்டுல வேற எங்கயும் தண்ணி இல்ல, அதனால மிருகம் எல்லாம் குட்டைக்கு வந்தே ஆகணும். நீங்க அதைத் தேடி போக வேணாம், அது உங்களத் தேடி வரும்.

நம்மாளுங்க செய்யற தப்பு என்னன்னா ஒரு குட்டைக்கு போய் பத்து நிமிஷம் பாத்துட்டு "ஒண்ணுமில்லப்பா"ன்னு அடுத்த குட்டைக்கு பறக்கிறது. வண்டிய நிறுத்தி எஞ்சின ஆஃப் பண்ணி மூணு மணி நேரம் உக்காருங்க. ஒகாகுவேயோ கேம்ப்ல குட்டைக்கு ராத்திரி முழுக்க விளக்கு போட்டிருப்பாங்க, சுவத்துக்கு இந்தாண்ட பெஞ்ச்ல உக்காந்து பாக்கலாம். கருப்பு காண்டாமிருகம் ராத்திரிலதான் வரும்.

சும்மா ஒருத்தன் | 13 பிப்ரவரி 2024, காலை 9:11

ரெண்டு லட்சம் செலவு பண்ணி குட்டைய வேடிக்கை பாக்கவா? எங்க ஊர் ஏரில கொக்கு இலவசம்.

கழுகுக்கண் | 13 பிப்ரவரி 2024, காலை 9:40

கொக்கையும் மூணு மணி நேரம் பாத்திருக்கேன் சார். அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

மீனா திருச்சி | 13 பிப்ரவரி 2024, மாலை 5:33

ஒரு சந்தேகம். மத்தியப் பிரதேசம் குனோவுக்கு 2022 செப்டம்பர் 17ஆம் தேதி எட்டு சிவிங்கிப்புலி வந்துதே, அது நமீபியாலேர்ந்துதானே? எட்டோஷால பாக்கலாமா?

கழுகுக்கண் | 13 பிப்ரவரி 2024, மாலை 6:50

ஆமா, அதே நாடுதான். நம்ம நாட்டுல 1952லயே அழிஞ்சு போச்சுன்னு அறிவிச்சாச்சு. எட்டோஷால இருக்கு, ஆனா பாக்கறது குதிரைக்கொம்பு. ஆச்சரியம் என்னன்னா அங்க பெரும்பாலான சிவிங்கிப்புலி காப்பகத்துக்கு வெளில, ஆடு மாடு வளக்கிற பண்ணை நிலத்துலதான் இருக்கு. காப்பகத்துல சிங்கமும் கழுதைப்புலியும் அது புடிச்ச இரைய பிடுங்கிக்கும், குட்டியையும் கொன்னுடும். பண்ணைப் பக்கம் அந்த தொல்லை கம்மி, ஆனா பண்ணைக்காரன் துப்பாக்கி இருக்கே. அதனால ஓச்சிவரோங்கோ பக்கத்துல இருக்கிற சிவிங்கிப்புலி மையத்துல பெரிய சைஸ் காவல் நாய் வளத்து பண்ணைக்காரங்களுக்கு குடுக்கறாங்க. ஆட்டுக்குட்டிங்களோடயே வளந்த நாய், கிட்ட வந்தா குரைச்சே விரட்டிடும், சுட வேண்டிய அவசியமே வராது. எட்டோஷா போற வழிலதான் இருக்கு, டைம் இருந்தா எட்டிப் பாருங்க.

ஜோபர்க் ரமணி | 14 பிப்ரவரி 2024, காலை 11:05

ஸ்வாகோப்முண்ட் பத்தி ஒண்ணு சொல்லணும். எல்லாரும் அங்க போய் "வாவ், குட்டி ஜெர்மனி, கேக் கடை, கலர் கலரா வீடு"ன்னு போட்டோ போடுவாங்க. அழகான ஊர்தான். ஆனா 1904லேர்ந்து 1908 வரைக்கும் ஜெர்மன் படை ஹெரேரோ, நாமா ஜனங்கள பத்தாயிரக்கணக்குல கொன்னாங்க. பாலைவனத்துக்குள்ள விரட்டி கிணத்துப் பக்கம் வரவிடாம தாகத்துலயே சாக வச்சாங்க. மிச்சம் பேரை முகாம்ல அடைச்சாங்க, அதுல ஒண்ணு இதே ஸ்வாகோப்முண்ட்ல. ஹெரேரோல பத்துல எட்டு பேர் போயிட்டாங்கன்னு சொல்றாங்க. ஜெர்மனி அதை இனப்படுகொலைன்னு ஒத்துக்கிட்டது 2021லதான். ஊர் ஓரத்துல மணல் மேடு மேடா பேர் இல்லாத கல்லறை இருக்கு. கேக் சாப்பிடுங்க, அங்கயும் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்க.

பல்லாவரம் பாலா | 14 பிப்ரவரி 2024, இரவு 10:15

இது எதுவுமே தெரியாது மேடம். கண்டிப்பா போறோம். டிக்கெட் போட்டாச்சு, ஜூலை 8 கிளம்பறோம்.

---

பல்லாவரம் பாலா | 28 ஜூலை 2024, மாலை 4:20

வந்துட்டோம். நாலு பேரும் முழுசா. நீளமா எழுதறேன், மன்னிச்சுக்கோங்க.

ஏர்போர்ட்டே ஊருக்கு 40 கிலோமீட்டருக்கு மேல வெளில இருக்கு, கதவு தாண்டி வந்ததுமே ஒண்ணுமில்ல, வெறும் காஞ்ச புல்லும் வானமும்தான், அம்மா "ஊரு எங்கடா"ன்னு கேட்டாங்க. வண்டி ஹைலக்ஸ் டபுள் கேபின். அங்க பிக்கப் வண்டிக்கு பேரு பக்கி. "யுவர் பக்கி இஸ் ரெடி"ன்னு அந்த பையன் சொன்னதும் என் வொய்ஃப் சிரிச்சு அடக்க முடியல. கணேசன் சார் சொன்ன மாதிரி அப்பா அங்கயே ஜாக்கி போட்டு ஒரு டயர கழட்டி மாட்டினார், ஆபீஸ் மொத்தமும் வெளில வந்து வேடிக்கை பாத்துது.

சூப்பர்மார்க்கெட்ல மஹாங்கு மாவு. அம்மா பாக்கெட்ட கண்ணாடி வழியா பாத்தாங்க, கொஞ்சம் மோந்து பாத்தாங்க, "டேய் இது கம்பு மாவுடா". ரமணி மேடம், நீங்க சிரிக்கிறது இங்க கேக்குது. வடக்குப் பக்கம் ஓவாம்போ ஜனங்களுக்கு இதான் தினப்படி சாப்பாடாம், களி மாதிரி கிண்டுவாங்க, புளிக்க வச்சு ஒரு பானமும் பண்ணுவாங்க. கல்லாவுல இருந்த பொண்ணுகிட்ட அம்மா கையாலயே கிண்டறத செஞ்சு காட்டினாங்க, அந்த பொண்ணு தலையாட்டி தலையாட்டி சிரிச்சுது. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்தை கிடையாது. மிச்சம் நாள் முழுக்க எங்களுக்கு காலைல கம்பங்கூழ், மோர் மொளகா வீட்லேர்ந்து கொண்டு போனது.

சொசுஸ்ஃப்லேக்கு வாசல் செஸ்ரீம், அங்க கேட்டுக்கு உள்ள இருக்கிற கேம்ப்லயே தங்கினோம். உள்ள தங்கறவங்கள விடியறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி விட்டுடுவாங்க, வெளில தங்கினா சூரியன் வந்தப்புறம்தான். 60 கிலோமீட்டர் தார் ரோடு, ரெண்டு பக்கமும் மணல் மேடு, இருட்டுல கருப்பா இருக்கும், அப்புறம் ஒரு பக்கம் மட்டும் செவக்கும், இன்னொரு பக்கம் அப்படியே கருப்பு, நடுவுல கத்தி வச்சு கீறின மாதிரி கோடு. கடைசி 5 கிலோமீட்டர் மணல்ல அப்பா ஓட்டறேன்னார், நான்தான் பயந்து ஷட்டில் வண்டில போலாம்னு சொல்லிட்டேன், அந்த கோவம் இன்னும் இருக்கு அவருக்கு.

டெட்ஃப்லேன்னா செத்த குளம். ஒரு காலத்துல ஆத்துத் தண்ணி வந்து தேங்கின எடம், மணல் வந்து ஆத்த மறிச்சுடுச்சு, மரம் எல்லாம் நின்ன வாக்குலயே செத்துப் போச்சு. பல நூறு வருஷம் ஆச்சு, இன்னும் மக்கல, ஏன்னா மக்கறதுக்கு கூட ஈரம் வேணும். அம்மாவால மேடு ஏற முடியாது, கீழயே ஒரு மரத்துக்கிட்ட நின்னுட்டாங்க. தொடல. "எரிஞ்ச வீட்டு உத்தரம் மாதிரி இருக்கு"ன்னாங்க. நானும் வொய்ஃபும் பக்கத்துல இருக்கிற பிக் டாடி மேட்ல பாதி ஏறி மூச்சு வாங்கி இறங்கிட்டோம், 300 மீட்டருக்கு மேல உயரம் அது, மணல்ல ரெண்டு அடி வச்சா ஒண்ணு கீழ இழுக்குது.

ராத்திரி குளிர் ஜீரோ கிட்ட. அம்மா மங்கி கேப், ஷால், அதுக்கு மேல என் ஜாக்கெட். அப்பா வானத்த பாத்து துருவ நட்சத்திரம் எங்கடான்னு ரொம்ப நேரம் தேடினார். பூமத்திய ரேகைக்கு கீழ போயிட்டா அது தெரியாதுப்பான்னு சொன்னேன். "அப்ப வழி தப்பினா என்னத்த பாக்கறது?" எனக்கு பதில் தெரியல.

பஞ்சர். சாலிட்டேர் தாண்டி வால்விஸ் பே போற ரோட்ல, வலது பின் டயர், ஒரு கல்லு கிழிச்சுடுச்சு. நிறுத்தினதும் காதுல ஒரு இரைச்சல், என்னன்னு பாத்தா ஒண்ணுமில்ல, சத்தமே இல்லாததுதான் அப்படி கேக்குது. போன்ல சிக்னல் கிடையாது. நாப்பது நிமிஷத்துல ஒரே ஒரு வண்டி வந்துது, ஒரு வயசான பண்ணைக்காரர், நாங்க கை காட்டக்கூட இல்ல, அவரே நிறுத்திட்டார், அங்க நின்ன வண்டிய யாரும் கேக்காம தாண்ட மாட்டாங்களாம். அதுக்குள்ள அப்பா டயர மாட்டி முடிச்சுட்டார். அவர் சுத்தி வந்து நட்ட ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தார், அப்பாவும் கூடவே தட்டிப் பாத்தார், ரெண்டு பேரும் கை குடுத்துக்கிட்டாங்க. அவர் ஒரு பாட்டில் தண்ணி, ஒரு கட்டு காஞ்ச இறைச்சி குடுத்தார். அம்மா தண்ணிய வாங்கிக்கிட்டாங்க.

ஸ்வாகோப்முண்ட் முழுக்க பனிமூட்டம். வெளில பாலைவனம், உள்ள ஊட்டி. அண்டார்டிக் பக்கத்துலேர்ந்து வர்ற பெங்குவேலா நீரோட்டம் கடல ஐஸ் மாதிரி வச்சிருக்கு, அதனாலதான் மூட்டமும், மழை இல்லாததும். அந்த மூட்டத்துல தலைகீழா நின்னு முதுகுல தண்ணி பிடிச்சு குடிக்கிற வண்டு இருக்குன்னு கைடு சொன்னார். வெல்விட்சியா செடியும் காட்டினார், ஆயுசுக்கும் ரெண்டே இலை, அது நாரு நாரா கிழிஞ்சு கிடக்கும், ஆயிரம் வருஷம் இருக்குமாம். பாக்க யாரோ குப்பைல போட்ட வாழ இலை மாதிரி இருக்கு, நேர்மையா சொல்றேன்.

கல்லறைக்கும் போனோம் மேடம். ஒரு பக்கம் பளிங்குக் கல்லு, பேரு, பூ. சுவத்துக்கு அந்தாண்ட வெறும் மணல் மேடுங்க. அம்மா செருப்ப கழட்டிட்டு நின்னாங்க.

ஹென்டிஸ் பே பக்கத்துல ஸெய்லான்னு ஒரு கப்பல் கரை தட்டி நிக்குது, மேல பூரா நீர்க்காக்கா. பழைய இரும்புக்கு வித்து மும்பைக்கு இழுத்துட்டு வரும்போது கயிறு அறுந்து 2008ல இங்க ஒதுங்கினதாம். அப்பா, "நம்மூருக்கு வர வேண்டிய சரக்கு"ன்னு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தார். கேப் கிராஸ்ல பல்லாயிரம் கடல்நாய், 1486ல போர்ச்சுகீசியன் நட்ட சிலுவை எடம், நாத்தம் மட்டும் தாங்க முடியல, துணில ரெண்டு நாள் இருந்துது.

எட்டோஷா. கழுகுக்கண் சார், உங்க கால எங்க காட்டறீங்க, விழறேன்.

மொத நாள் நாங்களும் நீங்க சொன்ன தப்பத்தான் பண்ணோம், ஒன்பது குட்டை, ஓடி ஓடி. அப்பா சாயங்காலம் சொன்னார், "ரூட் பஸ் மாதிரி ஓட்டாதடா, ஸ்டாண்ட்ல போடு." அடுத்த நாள் ஒரே குட்டைல போட்டோம். மொதல்ல ஸ்பிரிங்பாக் மான் நூறு, அப்புறம் வரிக்குதிரை வரிசையா, ஒவ்வொண்ணும் விலா எலும்பு எண்ணலாம் போல, இந்த வருஷம் பஞ்சமாம். ஓரிக்ஸ் வந்தா மத்ததெல்லாம் வழி விடுது. ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிக்க காலை அகட்டறதுக்கே பதினஞ்சு நிமிஷம் யோசிக்குது. பதினோரு மணி வாக்குல எல்லாம் ஒரே நேரத்துல தலைய தூக்கிச்சு, யானைக் கூட்டம், உப்பு மண்ணு பூசி பூசி வெள்ளையா, சுண்ணாம்பு அடிச்ச கோவில் சுவரு நடந்து வர்ற மாதிரி. குட்டையே காலி ஆயிடுச்சு அதுங்களுக்கு. யாரும் கத்தல, ஹார்ன் அடிக்கல.

ராத்திரி ஒகாகுவேயோல பெஞ்ச்ல உக்காந்தோம். அஞ்சு கருப்பு காண்டாமிருகம். அதுல ஒண்ணு குட்டியோட. தண்ணில நிழல் தலைகீழா தெரியுது. அம்மா ரூமுக்கு போயிட்டாங்க, நானும் பன்னெண்டு மணிக்கு போயிட்டேன், அப்பா ஒன்றரைக்கு வந்தார், என்ன பாத்தீங்கன்னு கேட்டா "ஒண்ணும் இல்ல, அதுவும் நின்னுது, நானும் இருந்தேன்"ன்னார்.

வெளில வரும்போது செக்போஸ்ட்ல "பச்சை இறைச்சி இருக்கா"ன்னு அம்மாவ பாத்து கேட்டுட்டார் ஆபீசர். மாட்டு நோய் வடக்கேர்ந்து தெக்க வரக்கூடாதுன்னு நாட்டுக்கு குறுக்கால வேலி போட்டிருக்காங்க, அதுக்கான சோதனை. அம்மா முகம் போன போக்க பாத்து அவரே சாரி சொல்லிட்டார்.

கடைசியா ஒரே ஒரு வயித்தெரிச்சல், வண்டி ஒப்படைக்கும்போது கண்ணாடில அரிசி அளவு கல்லடிக்கு முழு கண்ணாடி காசு பிடிச்சுட்டாங்க. கம்பெனி பேர் வேணாம். எடுக்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுங்க, நாங்க எடுத்தோம், கண்ணாடிய மட்டும் விட்டுட்டோம்.

கிராவல் கணேசன் | 28 ஜூலை 2024, மாலை 6:02

"ரூட் பஸ் மாதிரி ஓட்டாத, ஸ்டாண்ட்ல போடு." பத்து வருஷமா நான் இங்க பக்கம் பக்கமா எழுதினத உங்கப்பா ஒரு வரில சொல்லிட்டார்.

ஜோபர்க் ரமணி | 28 ஜூலை 2024, இரவு 8:30

அம்மா செருப்ப கழட்டினாங்கன்னு படிச்சதும் நான் போன கீழ வச்சுட்டேன் கொஞ்ச நேரம். மோர் மொளகாய்க்கு பொறாமையா இருக்கு.

---

மீனா திருச்சி | 31 ஆகஸ்ட் 2024, காலை 8:12

பழைய இழைய கிளப்பறேன், மன்னிக்கணும். நியூஸ் பாத்தீங்களா எல்லாரும்? பாலா அவ்ளோ உருகி எழுதின அதே நாட்டுல பஞ்சம்னு சொல்லி 723 மிருகத்த சுட்டு கறியா குடுக்கப் போறாங்களாம். 83 யானை, 300 வரிக்குதிரை, 30 நீர்யானை. டூரிஸ்ட் காசு வாங்கும்போது வனவிலங்கு, பசிச்சா கறியா? எனக்கு அந்த நாட்டு மேல இருந்த மரியாதையே போச்சு.

கிராவல் கணேசன் | 31 ஆகஸ்ட் 2024, காலை 10:45

மீனா, கோவம் புரியுது. ஆனா அங்க ஜனத்துல கிட்டத்தட்ட பாதி பேருக்கு, 14 லட்சம் பேருக்கு, சாப்பாட்டுக்கு வழி இல்லாத நிலை. மே மாசமே அவசர நிலை அறிவிச்சுட்டாங்க. நாட்டுல யானை சுமார் 24,000 இருக்கு, அதுல 83. மிருகத்துக்கும் மேய்ச்சல் இல்ல தண்ணி இல்ல, விட்டா செத்து நாறிப் போகும்.

அதைவிட முக்கியமா, அந்த மிருகம் இன்னிக்கு அங்க இருக்கிறதுக்கே காரணம் அந்த ஊர் ஜனம்தான். 1996ல சட்டம் கொண்டு வந்தாங்க, ஊர் ஜனங்க சேந்து தங்க நிலத்துல இருக்கிற வனவிலங்கு வருமானத்த தாங்களே எடுத்துக்கலாம்னு, டூரிசமும் சரி வேட்டையும் சரி. 98ல நாலு ஊர்ல ஆரம்பிச்சது, இப்ப 86 இருக்கு, நாட்டுல அஞ்சுல ஒரு பங்கு நிலம். அதுக்கு முன்னாடி காண்டாமிருகத்த திருட்டுத்தனமா வேட்டையாடினவங்களே அப்புறம் காவல்காரனா வேலைக்கு சேந்தாங்க.

மீனா திருச்சி | 31 ஆகஸ்ட் 2024, மதியம் 12:20

வேட்டையாட வெளிநாட்டு பணக்காரன் டாலர் குடுத்து வர்றதும் அதுல சேத்திதானே? காச வச்சு கொல்றத பாதுகாப்புன்னு சொல்றது எனக்கு ஒட்டல, எத்தனை கணக்கு காட்டினாலும். யானைக்கு பஞ்சம் வந்தா ஜனத்த சுடுவாங்களா?

தடாகம் தம்பி | 31 ஆகஸ்ட் 2024, இரவு 9:05

நான் இத்தன நாள் படிச்சுட்டு மட்டும் இருந்தேனுங்க. எங்க தோட்டம் கோயமுத்தூர் மலையடிவாரம். ரெண்டு வருசத்துல மூணு தரம் யானை வந்து வாழைய பூரா மிதிச்சுட்டு போயிருச்சு. எங்கப்பா ராத்திரி பூரா டார்ச் வெச்சுட்டு உக்காந்திருப்பாரு. ஆனா யானைய சுடோணும்னு யாராச்சும் சொன்னா அவருதான் மொதல்ல சண்டைக்கு வருவாரு, "அது கணேசனாக்கும்"னு. அதனால அந்த ஊர்க்காரங்க செய்யறது செரியா தப்பான்னு எனக்கு சொல்லத் தெரியலீங்க. ஆனா யானைகூட ஒரே ஊர்ல இருக்காதவங்க தீர்ப்பு சொன்னா மட்டும் கொஞ்சம் எரிச்சல் வருதுங்க. மீனாக்கா, உங்கள சொல்லல.

மீனா திருச்சி | 31 ஆகஸ்ட் 2024, இரவு 9:30

என்னத்தான் சொல்றீங்க தம்பி, பரவால்ல :) ஆனாலும் என் கருத்து அதேதான்.

பல்லாவரம் பாலா | 1 செப்டம்பர் 2024, காலை 7:50

நானும் அப்பாகிட்ட இந்த நியூஸ படிச்சு காட்டினேன். அந்த விலா எலும்பு தெரிஞ்ச வரிக்குதிரைங்கள நேர்ல பாத்ததால எனக்கு மீனா மாதிரி கோவமும் வரல, கணேசன் சார் மாதிரி நிம்மதியா ஒத்துக்கவும் முடியல. அம்மாதான் கேட்டாங்க, அந்த கல்லாவுல இருந்த பொண்ணு ஊர்ல கம்பு விளைஞ்சிருக்குமான்னு.

சும்மா ஒருத்தன் | 1 செப்டம்பர் 2024, காலை 11:15

சரி, நான் வாய மூடிக்கறேன். ஒண்ணே ஒண்ணு. வர்ற வருஷம் ஜூன்ல போலாம்னு வீட்ல பேச்சு. ஆமாம், நானேதான், சிரிக்காதீங்க. கணேசன், சாதா கார் போதுமா, ஃபோர் பை ஃபோர் வேணுமா?

கிராவல் கணேசன் | 1 செப்டம்பர் 2024, காலை 11:40

கொக்கு கோச்சுக்கப் போகுது சார் :) இதே ரூட்னா, காஞ்ச மாசத்துல உயரமான கார் போதும், ஃபோர் பை ஃபோர் அந்த கடைசி 5 கிலோமீட்டர் மணலுக்கு மட்டும்தான், அதுக்கும் ஷட்டில் இருக்கு. ரெண்டு ஸ்டெப்னி மட்டும் விடாதீங்க. பாலா, உங்கப்பா வழில ஏதோ நோட்ல எழுதிக்கிட்டே வந்தார்னு போன்ல சொன்னீங்களே, அதைப் போடுங்க, இவருக்கு உதவும்.

பல்லாவரம் பாலா | 1 செப்டம்பர் 2024, இரவு 9:55

அது டிரிப் ஷீட் சார், டிப்போ பழக்கம், விடல. எதிர்ல வந்த வண்டிய கூட எண்ணியிருக்கார். அவர் எழுதினபடியே கொஞ்சம் போடறேன்:

"செஸ்ரீம் – ஸ்வாகோப். 350 கிமீ. எதிர் வண்டி 23. பஞ்சர் 1. பஸ் ஸ்டாப் இல்லை.
கேப் கிராஸ் போய் வர. உப்பு ரோடு, தார் மாதிரி நைஸ், ஈரமானால் வழுக்கும். எதிர் வண்டி 31. நாத்தம்.
எட்டோஷா 2ம் நாள். 46 கிமீ மட்டும். யானை 38. ரோட்டில் படுத்திருந்த சிங்கம் 2, பத்து நிமிஷம் காத்திருந்து போனோம்.
மொத்தம் 2,462 கிமீ. பிரேக் நல்லா இருந்தது. ஹார்ன் அடித்தது 1, ஏர்போர்ட்டில் வண்டி விடும்போது, வேலை செய்கிறதா என்று பார்க்க."